போசிக்குள் திசை இல்லை

ஆவாரங்காட்டில் பல்லிகள் பேச ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பால்காரர் வந்து போயிருந்தார், பேரூராட்சித் தண்ணீர் வரவில்லை, மேகலா கண்ட்ரோல்ஸ் கம்பெனியில் இன்ஜினியராக இருக்கும் கோகிலவாணி வாயில் பிரஷ்ஷோடு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் நெடுநாளாகக் குடியிருந்த பல்லி தொண்டையைச் செருமிவிட்டு, ரயில்வே ஸ்டேஷனில் வண்டி தாமதம் என்று அறிவிக்கும் அம்மாளின் குரலில், "இந்த இடத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு வந்த பதில் கவனிக்கப்படவில்லை" என்றது.

அவளுடைய அம்மா சரசாத்தாள் தோசைக்கல்லில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாந்தாஞ் சொல்லீட்டே இருக்கறனே, என்னைக்காவது காது குடுத்துக் கேட்டிருக்கறயா? பல்லிக்குக்கூடத் தெரிஞ்சுபோச்சு," என்றாள்.

கோகிலவாணிக்கு வாயில் இருந்த நுரை அப்படியே நின்றுவிட்டது. பல்லி பேசியதற்காக அல்ல. அந்த வாக்கியம் அவளுக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் வரை அது இங்கிலீஷில், அவளுடைய கம்ப்யூட்டர் திரையில் இருந்தது.

மேகலா கண்ட்ரோல்ஸின் முதலாளி தங்கமுத்து ஒரு காலத்தில் பம்ப்செட்டுக்கு ஸ்டார்ட்டர் பெட்டி செய்துகொண்டிருந்தவர். பெட்டிக்குள் போர்டு வைத்தார், போர்டுக்குள் சிப் வைத்தார், சிப்புக்குள் வைக்க ஏதாவது வேண்டுமே என்று கடைசியில் சொந்தமாக ஒரு கெர்னலே எழுத வைத்துவிட்டார். கெர்னல் என்பது மிஷினுக்குள் ஓடும் எல்லாப் புரோகிராமுக்கும் அடியில், கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு மாதிரி, யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருப்பது. மேடையில் மாப்பிள்ளை வரக் கொஞ்சம் தாமதமானாலும் சமாளித்துவிடலாம், சமையல்கட்டு நின்றால் பந்தி நின்றது. மனுஷன் எழுதின கெர்னலை மிஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். அதற்கு இரண்டு குணம். தப்பு என்றால் வேலையை நிறுத்திவிடும். சந்தேகம் என்றால், "ரசத்துல உப்புக் கம்மி, நாஞ் சொல்லிப்போட்டேன், அப்புறமேலுக்கு என்னயக் கேக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு அதே ரசத்தை ஊற்றிச் சாப்பிடும் சித்தப்பாவைப் போல, ஒரு எச்சரிக்கையைப் போட்டுவிட்டு மேலே போய்க்கொண்டே இருக்கும்.

அந்த எச்சரிக்கைகளைத் தீர்ப்பதுதான் கோகிலவாணியின் வேலை. ஒவ்வொன்றாக எடுப்பாள், அந்த வரியை யார் எழுதினார்கள், என்ன நினைத்து எழுதினார்கள், நினைத்தது ஏன் நடக்காமல் போகும் என்று ஈர் எடுப்பது போல எடுத்து நசுக்குவாள். வேலை நடந்தது, ஆனால் மெதுவாக நடந்தது. இந்த நேரம் பார்த்துத் தும்பிமலைக்கு வின்ச் வந்தது.

தும்பிமலை ஊருக்கு மேற்கே இருக்கிறது. உச்சியில் முருகன் இருக்கிறார். நடுவில் முட்டிவலிக்காரர்கள் ஏற முடியாத படிகள் இருக்கின்றன. கம்பிக்கயிற்றில் கட்டி இழுக்கும் ஒரு ரயில் பெட்டியை மலைச்சரிவில் ஓட விடுவதென்று மலைக் கமிட்டி முடிவு செய்து, அதன் மோட்டாரையும் பிரேக்கையும் ஆட்டுவிக்கும் பொறுப்பை மேகலா கண்ட்ரோல்ஸின் கெர்னலுக்குக் கொடுத்தது. தைப்பூசத்தன்று முதல் வண்டி. ஒரே நிபந்தனை: கெர்னலில் எச்சரிக்கை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

"அம்மிணி, ஒண்ணுகூட இருக்கக்கூடாதாமா," என்று தங்கமுத்து அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "நோட்டீஸ் அடிச்சாச்சுங். நாதஸ்வரத்துக்குச் சொல்லியாச்சு. நீங்க பாட்டுக்கு ஒண்ணொண்ணா நோண்டீட்டு இருந்தா அடுத்த பூசம் வந்துருமாட்ட இருக்குதே."

பக்கத்து நாற்காலியில் இருந்த ஜெரால்டு பாளையங்கோட்டைக்காரன், வேலையைச் சுருக்குவதில் சூரன். "எக்கா, எதுக்குப் போட்டு ஒளப்புதிய? கம்பைலரப் பாத்து வாயப் பொத்துன்னு சொல்லுததுக்குத்தான் சுவிட்சு இருக்குல்லா. ஒத்த எழுத்து. போட்டு விடுங்க," என்றான்.

கோகிலவாணி கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். எச்சரிக்கைகள் சினிமா முடிந்ததும் ஓடும் பெயர்களைப் போலத் திரையில் மேலேறிப் போயின. அதில் ஒன்றில் பிரேக் என்ற சொல் கண்ணில் பட்டது; முதல் மதிப்பு தராமலே பயன்படுத்தப்படலாம் என்ற வகை. டீ குடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். முதலாளி பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒற்றை எழுத்தைப் போட்டாள். மறுபடி ஓட்டினாள். திரை துடைத்துவிட்ட வாழை இலை மாதிரி இருந்தது. தங்கமுத்து எல்லோருக்கும் மைசூர்பா கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை அவள் ஆபீசுக்கு ஓடிப் போய் முதல் காரியமாக அந்த எழுத்தை எடுத்துவிட்டு ஓட்டினாள். திரை வெறுமையாகவே இருந்தது. வேறு கம்ப்யூட்டரில் ஓட்டினாள், கம்பைலரையே அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள், கெஞ்சிக்கூடப் பார்த்தாள். வாயை மூடச் சொன்ன மருமகளிடம் கோபித்துக்கொண்டு போன மாமியாரைப் போல, எச்சரிக்கைகள் போனவை போனவைதான். அவை ஆவாரங்காட்டுச் சுவர்களில் இருந்தன.

ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல்லி சொல்வது புதிதா என்ன? இத்தனை காலம் கொச் கொச் என்று சொல்லிக்கொண்டிருந்தது, இப்போது பாடப் புத்தகத் தமிழில் சொல்கிறது, அவ்வளவுதான். தவிர, பல்லி என்ன சொன்னது என்று ஆவாரங்காட்டில் யாரும் கேட்கவே இல்லை. எந்தப் பக்கமிருந்து சொன்னது என்றுதான் கேட்டார்கள். தினசரி காலண்டரின் பின்னட்டையில் கிழமைக்கும் திசைக்கும் கட்டம் போட்டு, கிழக்கில் சொன்னால் லாபம், தெற்கில் சொன்னால் பகை, மேல்மூலையில் சொன்னால் உறவினர் வரவு என்று இருக்கும்போது, பல்லியின் வாயைப் பார்ப்பானேன்?

நாச்சிமுத்து ஜோசியரின் வீட்டு வாசலில் கூட்டம் சேர்ந்தது. "எந்தச் செவுருங்? வடக்கா? கெழம? வெள்ளி? எந்திரிச்சுப் போங்க, ராஜயோகமுங்," என்பார். பல்லி சொன்ன வாசகத்தை யாராவது சொல்ல வாயெடுத்தால், "அதெல்லாம் எதுக்குங்? பல்லி ஆயிரஞ் சொல்லும்," என்று கையமர்த்திவிடுவார்.

மளிகைக்கடை மணியக்காரர் வீட்டில் பெண் பார்க்க வந்திருந்தபோது, பஜ்ஜித் தட்டுக்கு நேர் மேலே இருந்து பல்லி, "வெவ்வேறு வகையைச் சேர்ந்த இரண்டு இங்கே ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன, விளைவு எதிர்பாராததாக இருக்கலாம்" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னது. வடக்குச் சுவர், வெள்ளிக்கிழமை. அங்கேயே வெற்றிலைபாக்கு மாற்றிக்கொண்டார்கள். பேரூராட்சி மன்றக் கூட்டத்தில், "பதில் தருவதாக அறிவிக்கப்பட்ட இந்தச் செயல், எந்தப் பதிலும் தராமலே முடிவடைகிறது" என்றொரு பல்லி சொல்ல, தலைவர் மைக்கை இழுத்து, "மன்றத்தின் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது என்னவென்றால், மேற்படி பல்லி கடந்த ஆட்சிக் காலத்தில் குடியேறிய பல்லி ஆகும்" என்றார். எதிர்த்தரப்பு பல்லிக்கு ஆதரவாக வெளிநடப்புச் செய்தது. நூலகத்தில் ஒன்று, "இந்தப் பகுதிக்கு எந்த வழியிலும் யாரும் வந்து சேரப்போவதில்லை" என்றதும், நெடுநாளாக அதே கருத்தில் இருந்த நூலகர் வெளியே பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். டாக்டர் வீட்டு மாடியில் ஈரத்துணி காயும் டிரெட்மில்லுக்கு மேலே இருந்த பல்லியோ, "அறிவிக்கப்பட்டது, ஒருபோதும் பயன்படுத்தப்படவில்லை" என்று காலையில் ஒருமுறையும் சாயங்காலம் ஒருமுறையும் சொல்லிவந்தது. டாக்டர் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, வேறு துணியைக் காயப்போட்டார். பள்ளிக்கூடப் பிரேயரில் தலைமையாசிரியர், "மாணவச் செல்வங்களே, பல்லி கூறுவதைக் குறிப்பெடுத்துக்கொள்ள வேண்டாம், அது பாடத்திட்டத்தில் இல்லை" என்று அறிவித்தார்.

இதற்கு நடுவில் கோகிலவாணி ஒன்றைக் கண்டுபிடித்தாள். தன் வீட்டு அடுப்படிப் பல்லி சொன்னதைக் கேட்டு, கெர்னலில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, வந்த பதிலைக் கவனித்து அதற்கேற்ப நடக்கும்படி ஒழுங்காகத் திருத்தினாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பல்லி "கொச்" என்றது. அதற்கு மேல் அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆக, வழி தெரிந்துவிட்டது. கம்பைலர் சொல்லாவிட்டால் என்ன, பல்லி சொல்கிறது. லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, கியாஸ் புக்கிங்குக்கு வந்தவள் போல வீடு வீடாகப் போய்ச் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பல்லிகள் வாசகத்தை மட்டும் சொல்லவில்லை, எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்பதையும் கேட்டால் சொல்லின. கேட்பவர்தான் இல்லாமல் இருந்தார்கள். "வா கண்ணு, எங்கூட்டுப் பல்லி நெம்பத் தொணதொணங்குது, அதச் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போ," என்றார்கள் சிலர். மணியக்காரர் மட்டும் கதவைப் பாதி திறந்து, "கல்யாணம் முடியட்டும் அம்மிணி. அது வடக்க பாத்துட்டே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டார்.

ஜெரால்டும் உதவிக்கு வந்தான். டீக்கடைப் படிக்கு மேலே ஒரு பல்லி, "இதிலிருந்து அடுத்ததற்குத் தவறி விழ நேரிடலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. கெர்னலில் அந்த இடத்தில் ஒரு கதவைச் சாத்த வேண்டும். ஜெரால்டு சாத்தவில்லை. 'வேண்டுமென்றேதான்' என்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டான்; அப்படி எழுதினால் கம்பைலர் நம்பிவிடும். பல்லி நம்பவில்லை. ரயில்வே அம்மாளின் குரலைக் கைவிட்டு, அச்சு அசல் ஜெரால்டின் குரலில், "வேணும்னேதாங்கேன்! வேணும்னேதான் விட்டிருக்கேன், ஒமக்கென்ன வே?" என்று வருகிறவர் போகிறவரை எல்லாம் பார்த்துக் கேட்க ஆரம்பித்தது. டீக்கடைக்காரர் இரண்டாம் நாள் ஜெரால்டுக்கு டீ கொடுப்பதை நிறுத்திவிட்டார். கோகிலவாணி போய்க் கதவைச் சாத்தின பிறகுதான் கொச் வந்தது.

எல்லாம் சரிதான், அந்தப் பிரேக் பல்லி மட்டும் அகப்படவில்லை.

முதல் மதிப்பு தராமல் பயன்படுத்துவது என்றால் இதுதான்: புதிதாக வாடகைக்குப் பிடித்த வீட்டின் அலமாரியைத் திறந்து பார்க்காமலே, உள்ளே கையை விட்டுக் கிடைப்பதைத் தின்பது. முன்பு குடியிருந்தவர்கள் வெல்லம் விட்டுப் போயிருந்தால் வெல்லம், எலிமருந்து விட்டுப் போயிருந்தால் எலிமருந்து. பிரேக் பிடிக்க வேண்டுமா விட வேண்டுமா என்று கெர்னல் எங்கோ ஓரிடத்தில் அப்படி ஓர் அலமாரிக்குள் கையை விடுகிறது; பாடப் புத்தகத் தமிழில் அந்த அலமாரிக்கு மாறி என்று பெயர். சோதனை ஓட்டத்தில் எல்லா முறையும் வெல்லமே வந்தது. எங்கே என்று தேடிப் பார்த்தாள். அந்தப் பகுதியை எழுதிவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்ட ஆள், தன் பிள்ளைகளுக்கே இனிஷியல் மட்டும் வைக்கக்கூடியவர், பிரேக் என்ற பெயரை ஊரெல்லாம் ஒரே மாதிரி இரண்டெழுத்தாகச் சுருக்கி எறிந்திருந்தார். எது எந்தப் பிரேக் என்று அந்த வரியைப் பார்த்த பல்லிக்குத்தான் தெரியும்.

முதலாளியிடம் போனாள். "சார், அது கெடைக்கற வரைக்கும் வின்ச்ச ஓட்டக்கூடாதுங்."

"ஏனுங்? கம்பைலர் ஏதாவது சொல்லுதா?"

"இல்லீங். ஏதோ ஒரு பல்லிதான் சொல்லீட்டிருக்குது. எங்கிருக்குதுன்னு தெரியல."

தங்கமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மிணி, கமிட்டிக்கு நான் என்னன்னு எழுதறது? 'பெருமதிப்பிற்குரிய ஐயா, எங்கயோ இருக்கற ஒரு பல்லி, என்னத்தையோ சொல்றதால, மொத வண்டிய நிறுத்தி வெக்கறமுங்க'ன்னா? சொல்லுங், எழுதிப்போடறேன்."

அதற்குள் ஊருக்குப் பல்லி அலுத்துவிட்டது. யோகம் வரும் வரும் என்று திசையில் இருந்ததே தவிர வரவில்லை, தொணதொணப்பு மட்டும் வந்தது. சைவ வீடுகளில் சுவருக்குச் சுவர் மயிலிறகு சொருகினார்கள், மற்ற வீடுகளில் முட்டை ஓடு கட்டித் தொங்கவிட்டார்கள். இரண்டையும் கண்டால் பல்லி வாயைத் திறக்காது என்பது ஊரறிந்தது. ஆவாரங்காட்டில் மயிலுக்கா பஞ்சம்? வாட்ஸ்அப்பில், 'நீங்கள் உண்மையான ஆவாரங்காட்டுக்காரராக இருந்தால் ஒரு மயிலிறகு வைத்துவிட்டு இதைப் பகிருங்கள்' என்று சுற்றியது. வீடுகள் ஒவ்வொன்றாக அடங்கின. கோகிலவாணி கதவைத் தட்டி, "ஒரு நிமிஷம் இறகை எடுங்கக்கா, கேட்டுட்டுப் போயிடறேன்," என்று கெஞ்சினாள். சிலர் எடுத்தார்கள். கேட்டதெல்லாம் டிரெட்மில் வகையறாவாகவே இருந்தது.

வீட்டில் சரசாத்தாள் தூக்குப்போசி என்று ஊர் சொல்லும் பித்தளைத் தூக்குவாளிக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்குச் சின்ன வயதில் மஞ்சள்காமாலை வந்து கிடந்தபோது, பிழைத்தால் தும்பிமலைக்கு ஒரு போசி பால் கொண்டுவந்து ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டவள். மகள் பிழைத்துப் படித்து வேலைக்கும் போயாயிற்று, முட்டி மட்டும் விடவில்லை. கம்பெனிக்காரர்கள் குடும்பத்துக்கென்று முதல் வண்டியில் ஒரு டோக்கன் வந்த அன்றிலிருந்து அவள் தரையில் நடக்கவில்லை.

"அம்மா, மொத வண்டியில ஏறாத. அடுத்த வாரம் போலாம்."

"சரி கண்ணு."

"நெசமாத்தாஞ் சொல்றேன். பிரேக்குல ஒரு கோளாறு இருக்குது."

"அதான் சரின்னேனல்லோ."

இவ்வளவு சுலபமாக அம்மா சரி என்று சொல்லி கோகிலவாணி பார்த்ததில்லை. யோசித்திருக்க வேண்டும். அண்ணாந்து சுவரைப் பார்த்தாள். "சாமி படத்துக்குப் பொறத்தால ஒரு பல்லி இருக்குமே, எங்க காணோம்?"

"அதுக்கென்ன வேல, கோயிலுக்குப் போயிருக்கும்," என்று சரசாத்தாள் போசியைக் கவிழ்த்து வைத்தாள். பக்கத்தில் இன்னொரு போசி, ஏற்கெனவே தேய்த்தது, மூடி போட்டு, மூடிமேல் ஒரு மயிலிறகு வைத்து இருந்தது. அலங்காரத்துக்கு என்று கோகிலவாணி நினைத்துக்கொண்டாள்.

பூசத்தன்று காலை மலையடிவாரத்தில் ஊரே இருந்தது. வின்ச் பெட்டிக்கு மஞ்சள் பூசி வாழைக்குருத்துக் கட்டியிருந்தார்கள். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் தயாராக இருந்தது. கோகிலவாணி, யாரையாவது பிடித்து எப்படியாவது நிறுத்திவிடலாம் என்று லேப்டாப்போடு கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனாள். பெட்டிக்குள் முதல் வரிசையில் நாச்சிமுத்து ஜோசியர் கையில் காலண்டரோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், பட்டுச்சேலையில், மடியில் இரண்டு தூக்குப்போசியோடு, அவளுடைய அம்மா.

"அம்மா! எறங்கு!"

"சும்மாரு கண்ணு, நாலு பேரு பாக்கறாங்க."

"ஏறலைன்னு சொன்னியே!"

"சரின்னுதாஞ் சொன்னேன். ஏறலைன்னா சொன்னேன்?"

கோகிலவாணி பெட்டிக்குள் ஏறி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சரசாத்தாள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையையும் அசைத்துவிடலாம், வேண்டுதல் பாக்கி வைத்திருக்கும் ஒரு தாயை அசைக்க முடியாது. அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தங்கமுத்து வந்தார். சக்கரத்துக்குப் பூஜை போட ஒரு சொட்டுப் பால் வேண்டியிருந்தது. பூஜைத் தட்டில் எல்லாம் இருந்தது, பால் மட்டும் இல்லை.

"அக்கா, உங்க போசியில இருந்து ஒரு சொட்டுக் குடுங்கக்கா, நல்ல காரியம்," என்று கையை நீட்டினார்.

"இருங், இந்தப் போசியில..." என்று சரசாத்தாள் சொல்லி முடிப்பதற்குள் அவர் மற்ற போசியை எடுத்து, மயிலிறகைத் தள்ளிவிட்டு, மூடியைத் திறந்துவிட்டார்.

பால் இல்லை. அடியில் ஒரு பல்லி இருந்தது. எத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததோ, பித்தளைக்குள் இருந்து குரல் கோயில் மணி போலக் கிளம்பி, பெட்டி முழுக்க, பிளாட்பாரம் முழுக்க, நாதஸ்வரத்தையும் தாண்டிக் கேட்டது:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பிரேக் பிடிப்பதா விடுவதா என்பதைச் சொல்ல வேண்டிய மாறிக்கு முதல் மதிப்பு தரப்படவில்லை. தராமலே பயன்படுத்தப்படலாம்."

நாதஸ்வரம் நின்றது. எல்லோரும் வழக்கப்படி நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள். அவர் வழக்கப்படி காலண்டரைத் திருப்பினார். சூரியனைப் பார்த்தார், பெட்டியின் போக்கைப் பார்த்தார், போசியைப் பார்த்தார். போசி உருண்டையாக இருந்தது. குரல் அடியில் இருந்து மேலே வந்து எல்லாப் பக்கமும் சமமாகப் போனது. போசியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பல்லியும் கூடவே சுற்றியது.

"போசிக்குள்ள தெச இல்லீங்களே," என்றார்.

பின் வரிசையில் இருந்து ஒரு பெண் கேட்டாள்: "தெச இல்லாட்டிப் போகுது. அது என்னதாஞ் சொல்லுது?"

பல்லி மறுபடி சொன்னது. இந்த முறை, திசை ஏதும் கிடைக்காத காரணத்தால், எல்லோரும் அது சொன்னதைக் கேட்டார்கள்.

மணியக்காரர் முதலில் இறங்கினார். "காலு மரத்துப்போச்சு," என்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும், டவுன் பஸ்ஸில் ஸ்டாப் வந்ததைப் போல, அவரவர் பையை எடுத்துக்கொண்டு வரிசையாக இறங்கினார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் ஓடவில்லை. தங்கமுத்து போசியைக் கையில் பிடித்தபடியே பிளாட்பாரத்தில் நின்று, "அம்மிணி," என்றார். "எந்த வரின்னு கேளுங்."

கோகிலவாணி போசிக்குள் குனிந்து கேட்டாள். பல்லி கோப்பின் பெயரையும் வரியின் எண்ணையும் சொன்னது. பிளாட்பாரப் படியிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். ஊரே அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தது. அந்த வரி இருந்தது. பெயர் மட்டும் எழுதி, மதிப்பு எழுதாமல், கனடாவுக்குப் போன ஆள் பாதியில் டீ குடிக்கப் போனது போல.

ஜெரால்டு பக்கத்தில் குனிந்தான். "ஒரு சைபரப் போட்டு விடுங்கக்கா, எல்லாரும் அதத்தானப் போடுதாவ."

"இந்த எடத்துல சைபர்னா என்ன தெரியுமா?"

"என்னக்கா?"

"விடு. பிரேக்க விடு."

ஜெரால்டு நிமிர்ந்து, கொஞ்ச நேரம் மலையின் உயரத்தைப் பார்த்தான். பிறகு யாரும் கேட்காமலே போய் அவளுக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்தான்.

'பிடி' என்று எழுதினாள். வேறொன்றும் எழுதவில்லை. யாராவது விடச் சொல்லும் வரை பிடித்துக்கொண்டே இரு என்று அதற்கு அர்த்தம். கம்பைல் ஆகிற வரை நாதஸ்வரக்காரர்கள் சும்மா இருக்க வேண்டாமே என்று ஒரு உருப்படி வாசித்தார்கள். பிறகு அவள் வின்ச் அறைக்குள் போய் ஒயரைச் சொருகி, புதிய கெர்னலை ஏற்றினாள். வெளியே வந்து போசிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கொச்," என்றது பல்லி.

அப்போதும் யாரும் ஏறவில்லை. கோகிலவாணி முதலில் ஏறி உட்கார்ந்தாள். அப்புறம் சரசாத்தாள் பால் போசியோடும் பல்லிப் போசியோடும் ஏறினாள். அப்புறம்தான் ஊர். எலுமிச்சம்பழம் நசுங்கியது, வண்டி கிளம்பியது, பாதி மலையில் கமிட்டிக்காரர்கள் சோதனைக்காக மோட்டாரை நிறுத்திப் பார்த்தார்கள், பெட்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாமல் சரிவில் ஒட்டிக்கொண்டு நின்றது. உச்சியில் சரசாத்தாள் வேண்டுதல் பாலை ஊற்றினாள். ஊற்றும்போது அழுதாள், முடிந்ததும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பிரசாத வரிசையில் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

இறங்கும்போது கோகிலவாணி கேட்டாள். "உனக்கு முன்னமே தெரியும். அது சொன்னதக் கேட்டுட்டுத்தான் போசியில புடிச்சுப் போட்ட."

"ஆமா. நீ கேட்டீன்னா என்னயப் போக விட்டிருக்க மாட்ட. ஊட்டுல வெச்சுட்டு வந்தா நீ தொறந்து பாத்துருவே, அதான் கையோட கொண்டாந்தேன்."

"வண்டி உருண்டு வந்திருந்தா?"

"எப்படி உருளும்? சாமி படத்துக்குப் பொறத்தால, வடகெழக்கு மூல, வியாழக்கெழம." சரசாத்தாள் விபூதியை மடித்து இடுப்பில் சொருகினாள். "நெனச்ச காரியம் கைகூடும்னு காலண்டர்ல போட்டிருந்துது. கைகூடுச்சா இல்லையா?"

அம்மாவின் மடியில் இருந்த போசிக்குள் பல்லி "கொச்" என்றது. பெட்டியில் இருந்த அத்தனை பேரும் நாச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள். நாச்சிமுத்து காலண்டரைத் தொடவில்லை. எட்டி, பிரேக்கைப் பார்த்தார்.